மாணவர் எழுதுவதைப் படிக்க ஆள் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பட்டதாரிகளுக்குத் திறன் இல்லை என்று வருத்தப்பட்டு, தொழில் நிறுவன நிர்வாகி ஒருவர் தங்கள் நடுப்பக்கத்தில் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். பாடத்திட்டம் பழசு, மாணவர்களுக்கு நான்கு வரி சொந்தமாக எழுத வரவில்லை, நேர்காணலில் வாயைத் திறப்பதில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கடைசியில், பள்ளி முடித்த எல்லோரும் கல்லூரிக்குத்தான் வர வேண்டுமா என்று ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். மற்றவற்றைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

நான் பேராசிரியர் இல்லை. டெல்டா மாவட்டம் ஒன்றில், அரசு கலைக் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதே கல்லூரியில் 1990களின் கடைசியில் பி.ஏ. பொருளாதாரம் படித்தவன். உள்ளே என்ன நடக்கிறது என்று முதல்வருக்குத் தெரியும், துறைத் தலைவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து வெளியே வருகிற காகிதமும் உள்ளே போகிற காகிதமும் எனக்குத் தெரியும். கல்வியாளர்கள் பலர் எழுதும் பத்திரிகையில் ஒரு கடைக்காரனின் கடிதத்துக்கும் இடம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஜூன், ஜூலையில் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு, அப்போது நோட்ஸ். வகுப்புக்கு ஒரு பெண் இருப்பாள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் எழுதிய நோட்டைத்தான் அறுபது பேருக்கும் பிரதி எடுத்துக் கொடுப்பேன். அவள் ஒரு வருடத்தைத் தவறாக எழுதியிருந்தால் அறுபது விடைத்தாள்களிலும் அந்தத் தவறு இருக்கும். தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிய 'மைக்ரோ' பிரதி கேட்டு வருகிறவர்களை அனுப்பிவிடுவேன்; இரண்டு தெரு தள்ளிப் போனால் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் அரசுத் தேர்வு விண்ணப்பங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் புராஜெக்ட்.

இந்தப் புராஜெக்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டின் கடைசி செமஸ்டரில் மாணவர்கள் ஏதாவது ஒரு தலைப்பில் களத்துக்குப் போய் விவரம் சேகரித்து, ஐம்பது அறுபது பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். ஏட்டளவில் அருமையான ஏற்பாடு. நடப்பது என்ன? எங்கிருந்தோ ஒரு கோப்பு வாட்ஸ்அப்பில் வந்து சேரும். தலைப்பில் ஊர்ப் பெயர் மாறும், முதல் பக்கத்தில் மாணவர் பெயரும் பதிவு எண்ணும் மாறும். நூறு பேரிடம் வினாப்பட்டியல் கொடுத்துக் கேட்டதாக உள்ளே ஓர் அத்தியாயம் இருக்கும். அந்த நூறு பேர் பல ஆண்டுகளாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பிரதி அச்சடித்து, ரெக்சின் அட்டை போட்டு, மேலே தங்க எழுத்து பதித்துக் கொடுப்பது என் தொழில். அதில் எனக்கு வருமானம் உண்டு. இவ்வளவு விவரம் எனக்குத் தெரிந்திருப்பதும் அதனால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் கொண்டுவந்த புராஜெக்ட், எங்கள் ஊர் மக்கள் செல்பேசி வாங்கும்போது எதைப் பார்க்கிறார்கள் என்பது பற்றியது. மூலம் கோயம்புத்தூரில் யாரோ செய்தது. கணினியில் 'கோயம்புத்தூர்' என்று வருகிற இடங்களையெல்லாம் ஒரே சொடுக்கில் எங்கள் ஊர்ப் பெயராக மாற்றியிருந்தார்கள். ஊர் அறிமுகம் என்ற பகுதியை நான் பிரதி எடுத்துக்கொண்டே படித்தேன். எங்கள் ஊர் நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது, பஞ்சாலைகளுக்கும் மோட்டார் பம்புகளுக்கும் பெயர் பெற்றது, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பதால் குளுகுளுவென்று இருக்கும் என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் நின்று நான்கு திசையும் பார்த்தால் நெல்வயலும் பனைமரமும்தான் தெரியும். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். அந்த அறிக்கையில் வழிகாட்டி கையெழுத்துப் போட்டார், துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டார், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரும் கையெழுத்துப் போட்டார். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. நொய்யல் ஆறு இன்னும் எங்கள் ஊரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் வாட்ஸ்அப் கோப்புக்கும் வேலை குறைந்துவிட்டது. வரலாறு படிக்கும் ஒரு மாணவி சோழர் கால நீர்ப்பாசனம் பற்றிய அசைன்மென்ட்டைப் போனிலிருந்து அச்செடுக்கச் சொன்னாள். கடைசிப் பக்கத்தில், முடிவுரைக்குக் கீழே, "இதை இன்னும் சுருக்கமாக மாற்றித் தரட்டுமா?" என்று ஒரு வரி இருந்தது. இயந்திரம் கேட்ட கேள்வி அப்படியே வந்துவிட்டது. விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள். "யார் அண்ணா படிக்கப் போகிறார்கள்? அப்படியே எடுங்கள்" என்றாள்.

அவள் சோம்பேறி என்று கட்டுரையாளர் முடிவு செய்துவிடுவார். அந்தப் பெண் காலையில் நான்கு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி முதல் ஷிப்ட்டுக்கு வந்து சேருகிறவள். காவிரியில் தண்ணீர் வருகிற நாளும் வாய்க்கால் முறை வைக்கிற விதமும் அவளுக்குத் தெரியும். சோழர் கால நீர்ப்பாசனத்தைப் பற்றி அவளிடம் ஒருவர் உட்கார்ந்து பேசினால், உன் ஊர் மதகு எங்கே இருக்கிறது, அதை யார் திறக்கிறார்கள், உங்கள் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக வருவது ஏன் என்று கேட்டால், இயந்திரத்தால் எழுத முடியாத மூன்று பக்கத்தை அவள் எழுதிக் கொடுப்பாள். அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஆள் இல்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று அவள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி.

படிக்க வேண்டியவர்கள் யார் என்று பார்ப்போம். தமிழக அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கௌரவ விரிவுரையாளர்களாக, அதாவது தற்காலிக ஆசிரியர்களாக, வேலை செய்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். மே மாதம் சம்பளம் கிடையாது. மே மாதத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியிலேயே இப்படிப்பட்ட ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை என்று சொல்லிவிட்டது. அது சொன்னதோடு சரி. இவர்களில் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதித் தேறியவர்கள். 'கௌரவ' என்பது அவர்கள் பெயருக்கு முன்னால் மட்டும் இருக்கிறது.

அவர்களில் ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். பெயர் வேண்டாம். 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது, தம் சான்றிதழ்கள் அத்தனையையும் என் கடையில்தான் ஸ்கேன் செய்தார். நான்தான் விண்ணப்பத்தைப் பதிவேற்றிக் கொடுத்தேன். அந்த அறிவிப்பே பிறகு ரத்தாகிவிட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு மறுபடி அறிவிப்பு வந்தது. மறுபடி ஸ்கேன், மறுபடி கட்டணம். ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போயிற்று. 2025 அக்டோபரில் எண்ணிக்கை 2,708 என்று குறைந்து இன்னோர் அறிவிப்பு. இந்த முறை அவர் வரும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மடிப்பில் கிழிந்திருந்தது. லேமினேட் செய்துவிடலாமா என்றேன். சரிபார்ப்பில் லேமினேட் செய்ததை வாங்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம், வேண்டாம் என்றுவிட்டார். முதல் அறிவிப்பின்போது அவர் மகன் மழலையர் வகுப்பில் இருந்தான். இப்போது பையன் சைக்கிளில் தனியாகக் கடைக்கு வந்து அப்பாவின் பிரிண்ட் அவுட்டை வாங்கிக்கொண்டு போகிறான்.

இந்த மனிதர் வாரத்துக்கு எத்தனை வகுப்பு எடுக்கிறார், எத்தனை புராஜெக்ட்டுக்கு வழிகாட்டி, சனி ஞாயிறுகளில் எந்தப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்துக்குப் போய் வகுப்பெடுத்து மே மாதத்துக்கான காசைச் சேர்க்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் நல்ல ஆசிரியர். அவரிடம் அறுபது பக்கம் கொண்ட இருபது புராஜெக்ட்டைக் கொடுத்து ஒரு வாரத்தில் படித்துத் திருத்து என்றால் எப்படி முடியும்? கையெழுத்துப் போடத்தான் முடியும்.

ஆசிரியர்கள் எழுதுவதையும் யாரும் படிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதவி உயர்வுக்கும் நேர்காணலுக்கும் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை கணக்கில் வரும் என்பதால், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிட்டுச் சான்றிதழும் அனுப்புகிற ஆய்விதழ்கள் முளைத்தன. அந்தச் சான்றிதழ்களை வண்ணத்தில் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். கட்டுரையை அச்செடுக்கச் சொன்னவர்கள் குறைவு, சான்றிதழை அச்செடுக்காதவர் கிடையாது. கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கு நாக் குழு நேரில் வந்த ஆண்டில் எனக்கு இரண்டு தீபாவளி. ஏழு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் கோப்புக் கோப்பாக ஆவணம். இரவெல்லாம் இயந்திரம் ஓடி, சூடேறி, காகிதம் சிக்கி, தட்டித் தட்டி ஓட்டினேன். குழு இரண்டு மூன்று நாளில் வந்து போய்விட்டது. அத்தனை பக்கத்தையும் அந்த நாட்களுக்குள் எந்த மனிதப் பிறவியாலும் புரட்டக்கூட முடியாது.

எல்லோரும் கல்லூரிக்கு வர வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதில் இருப்பவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்களின் அளவு, இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழகத்தில் 47 சதவீதம். 2035க்குள் 50 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை இலக்கு வைத்திருக்கிறது. நாம் கிட்டத்தட்ட அங்கே நிற்கிறோம். இது சும்மா வந்துவிடவில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அதே ஆயிரம். காசைக் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை என் கடை வாசலில் வந்து நின்று, அந்த ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். தேர்வுக் கட்டணம், நோட்டு, செருப்பு, பாட்டிக்கு மாத்திரை. சென்ற ஆண்டு ஒரு பெண் அந்தப் பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பி.எட். விண்ணப்பத்துக்குக் கட்டினாள். வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தப் பிள்ளைகள் கல்லூரியிடம் எதிர்பார்ப்பது என்ன? பெண்களில் பலருக்கு அது கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்கிற மூன்று வருடம். "படித்துக்கொண்டிருக்கிறாள்" என்ற பதில் வீட்டு வாசலில் தரகர்களை நிறுத்தி வைக்கிறது. முதுநிலை சேர்ந்தால் இன்னும் இரண்டு வருடம். பையன்களுக்கு, திருப்பூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ உடனே பஸ் ஏறாமல் சொந்த ஊரில் இருந்தபடியே யோசிக்கக் கிடைக்கிற காலம். முகூர்த்த நாள் என்றால் வகுப்பு காலியாக இருக்கும். மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருப்பார்கள். மறுநாள் மஞ்சள் கறை படிந்த விரலோடு வந்து காசு எண்ணிக் கொடுப்பார்கள். வேலைவாய்ப்பை வைத்து மட்டுமே கல்லூரியை எடைபோடுகிறவர்களுக்கு இதெல்லாம் வீண் செலவாகத் தெரியலாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று வருட அவகாசம் என்பது பணக்கார வீடுகளில் எந்தக் காலத்திலும் இருந்துவந்த வசதிதான். அது இப்போது கூலி வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊருக்கு உயர்கல்வி செய்த முதல் நன்மை இதுதான் என்பேன்.

ஆனால் அவகாசம் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த மூன்று வருடத்துக்குள் யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையை ஆளாக மதித்து ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கேட்டார்கள். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நிலச் சீர்திருத்தம் என்ற பாடத்தில் ஓர் அசைன்மென்ட். பாடப் புத்தகத்தில் இருந்தபடி, தமிழ்நாட்டில் நியாயக் குத்தகைச் சட்டம் 1956இல் வந்தது, விளைச்சலில் நிலக்காரருக்கு 25 சதவீதம், குத்தகைக்காரருக்கு 75 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியது சரிதான். இரண்டு நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. பொருளாதாரப் பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில், "உங்கள் வீட்டில் எவ்வளவு? அப்பாவிடம் கேட்டு எழுது" என்று போட்டிருந்தார். நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற குடும்பம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அறுபது பேர் வகுப்பில் அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதே எனக்கு ஆச்சரியம்.

அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். ஒரு மா நிலத்துக்கு எத்தனை கலம் நெல் குத்தகையாக அளக்கிறோம், மகசூல் என்ன, பொய்த்த வருடம் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணக்குப் போட்டபோது, சட்டம் சொன்ன கால் பங்கைவிட நாங்கள் அதிகமாக அளந்துகொண்டிருந்தது தெரிந்தது. அப்பாவுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. "யார் போட்ட சட்டம்? நிலக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் மூன்று பக்கம் எழுதினேன். பேராசிரியர் அதையும் படித்தார். சட்டம் இருந்தும் அது ஏன் எங்கள் வயலுக்கு வந்து சேரவில்லை என்று அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நூலகத்துக்குள் முதன்முதலாக வேலையோடு நுழைந்தேன். எனக்கு அரசு வேலை கிடைக்கவில்லை. ஜெராக்ஸ் கடைதான் வைத்தேன். ஆனால் கூட்டுறவுச் சங்கக் கணக்கை நீட்டினால் எந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பயிர்க் காப்பீட்டுப் பணம் எங்கள் கிராமத்துக்கு மட்டும் வராமல் நின்றபோது மனு எழுதியது நான்தான். அந்த நிர்வாகியின் நிறுவனத்தில் இதைத் 'திறன்' என்று ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

அந்தப் பேராசிரியர் நிரந்தரப் பணியில் இருந்தவர். முதல் ஆண்டில் எங்களுக்கு வகுப்பெடுத்தவரே மூன்றாம் ஆண்டிலும் எடுத்தார். யார் வீட்டில் என்ன தொழில், யார் எந்த ஊர் பஸ்ஸில் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் இருந்தது. இன்றைக்கு ஒரு துறையில் ஆண்டுக்கு ஆண்டு முகம் மாறுகிறது. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு மாணவி, தன் தெருவில் நுண்கடன் வாங்கிய குடும்பங்களைப் பற்றி உண்மையாகவே வீடு வீடாகப் போய்க் கேட்டுப் புராஜெக்ட் செய்தாள். எந்தக் குழுவில் எவ்வளவு, வாரத் தவணை எந்தக் கிழமை, அதைக் கட்ட எந்த நகை எங்கே போயிற்று என்று கையால் கோடு போட்ட அட்டவணைகள். தட்டச்சு செய்யும்போது கடையில் இருந்த என் மனைவி பாதியில் நிறுத்தி முழுவதையும் படித்துவிட்டுத்தான் மேலே தட்டினாள். அந்த மாணவிக்கு வழிகாட்டியாக இருந்த கௌரவ விரிவுரையாளர், சம்பளம் கொஞ்சம் கூடக் கிடைக்கிறது என்று ஒரு தனியார் பள்ளிக்கு ஜனவரியிலேயே போய்விட்டார். புதிதாக வந்தவர் கையெழுத்துப் போட்டார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அவளிடம் கேட்டது, புராஜெக்ட்டின் தலைப்பு என்ன என்ற ஒரே கேள்வி. அவளுக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் வாட்ஸ்அப் கோப்பில் பெயர் மாற்றிக் கொடுத்தவர்களின் மதிப்பெண்ணுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டு அவள் தங்கை அதே துறையில் மூன்றாம் ஆண்டு வந்தாள். அவள் வாட்ஸ்அப் கோப்போடு வந்தாள். அவளை நான் என்னவென்று சொல்ல?

திறன் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாக எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலர் வங்கித் தேர்வுக்கும் கணினி வேலைக்கும் போயிருக்கிறார்கள். அதைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். என் வருத்தம் வேறு. துறையில் நிரந்தர ஆசிரியர் இல்லாத இடத்தில், இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்பைப் போட்டு, முடித்ததும் வண்ணச் சான்றிதழ் கொடுத்து, அதுவே படிப்பு என்று கணக்குக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். சான்றிதழை என்னிடம்தான் அச்செடுக்கிறார்கள். என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், "வீடியோ ஓடியது அண்ணா" என்கிறார்கள். அங்கேயும் திருப்பிக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

வேலைக்கு வருகிறேன். 2024இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு 6,244 இடங்கள் அறிவித்தார்கள். சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. என் கடையில் விண்ணப்பித்தவர்களில் எம்.எஸ்சி., எம்.காம்., பி.இ. படித்தவர்கள் ஏராளம். பி.இ. படித்தவர்கள் தனியார் பொறியியல் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் கட்டிப் படித்தவர்கள். கட்டுரையாளர் கேட்கிற 'தொழிலோடு இணைந்த பாடத்திட்டம்' அவர்களுக்குக் குறைவில்லாமல் இருந்தது. அப்படியிருந்தும் கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்றால், பாடத்திட்டத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? மாதம் பதினைந்தாயிரம் கொடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிற இடத்துக்கு ஆள் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் திறன் குறைபாடு இல்லை.

பல்கலைக்கழகங்களின் நிலைமையைப் பற்றித் தங்கள் பத்திரிகையே நிறைய எழுதிவிட்டது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை 2024இல் முடக்கியதையும், 2023 ஆகஸ்டில் காலியான அதன் துணைவேந்தர் நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாகவே இருந்ததையும் எல்லோரும் படித்தோம். துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, அரசா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு ஒரு கருத்து உண்டு, இந்தக் கடிதத்தில் அது வேண்டாம். கல்விக்கு நாட்டு வருமானத்தில் ஆறு சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி குழு சொன்னது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே ஆறு சதவீதத்தைத்தான் சொல்கிறது. இடையில் என் தலை நரைத்துவிட்டது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுங்கள்; மானியக் குழு சொன்ன தொகையைக் கொடுங்கள். தேர்வு வாரியம் ஆண்டுதோறும் தேர்வு நடத்தட்டும், அறிவித்த தேதியில் நடத்தட்டும். ஒரு வகுப்பில் சேர்கிற மாணவருக்கு அவர் வெளியே போகும்வரை மாறாத ஓர் ஆசிரியராவது துறையில் இருக்க வேண்டும். அறுபது பக்கப் புராஜெக்ட்டை எடுத்துவிட்டு, கையால் எழுதிய பத்துப் பக்கமாக்குங்கள். தலைப்பு அவரவர் தெருவில், வயலில், அப்பா அம்மா வேலை செய்கிற இடத்தில் இருந்து வரட்டும். ஆசிரியர் அதை வரி வரியாகப் படித்து, ஓரத்தில் குறைந்தது மூன்று கேள்வியாவது எழுதிக் கொடுக்கட்டும்; மாணவர் அவற்றுக்கு விடை தேடிக்கொண்டு மறுபடி வரட்டும். அதற்கு மதிப்பெண் போடுங்கள். ரெக்சின் அட்டையும் தங்க எழுத்தும் எந்தப் பல்கலைக்கழகச் சட்டத்தில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதனால் என் பிப்ரவரி வருமானம் போகும். தை, மாசியில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துப் பிழைத்துக்கொள்வேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டதாரிகளின் தரம் பற்றி அடுத்த கட்டுரையை வெளியிடுவதற்கு முன், தங்கள் நிருபர்களை மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரிக்காவது அனுப்புங்கள். முதல்வரைப் பார்க்க வேண்டாம். மூன்றாம் ஆண்டு மாணவர்களை மட்டும் பார்த்து இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் உங்களுக்கு வகுப்பெடுத்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள்? நீங்கள் எழுதிக் கொடுத்த ஏதாவது ஒன்றில் மதிப்பெண்ணைத் தவிர வேறு ஏதாவது எழுதப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறதா? வந்த பதில்களைக் கல்லூரி வாரியாக, துறை வாரியாக வெளியிடுங்கள். அதன் பக்கத்திலேயே அந்தந்தத் துறையில் எத்தனை நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை ஆண்டுகளாகக் காலியாக இருக்கின்றன என்பதையும் போடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்கும். மனு எழுதத் தெரியாதவர்கள் இருந்தால் நான் எழுதித் தருகிறேன், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லையும் நானே ஒட்டிவிடுகிறேன்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடை கல்லூரிச் சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கிறது. செமஸ்டர் தேர்வும் நெருங்கிவிட்டது.

இப்படிக்கு,
டெல்டா மாவட்ட வாசகர்